மறு உத்தரவு வரும்வரை

எங்கள் மொரேனா லெபோனா இறந்து, மாட்டுப்பட்டிக்குள் புதைக்கப்பட்டு, பிறகு ஒரு காலையில் எழுந்து வந்து கோத்லாவில் தன் கல்லின்மேல் உட்கார்ந்தபோது, அவரை முதலில் பார்த்தது அவருடைய நாய், அது குரைக்காமல் வாலை ஆட்டிவிட்டு அவர் காலடியில் படுத்துக்கொண்டது. அடுத்துப் பார்த்தவர்கள் வறட்டி சேர்க்கப் போன பெண்கள், அவர்களும் கூச்சல் போடவில்லை, தலைவரைக் கண்டால் சொல்ல வேண்டிய வணக்கத்தைச் சொல்லிவிட்டுக் கூடைகளோடு சுற்றிக்கொண்டு போனார்கள். மொரேனா என்றால் எங்கள் மொழியில் தலைவர். கோத்லா என்பது அவர் வீட்டுக்கு முன்னால் நாணல் வேலி போட்ட வெட்டவெளி, எங்கள் வழக்குகளும் வம்புகளும் தீர்கிற இடம். புதைத்தபோது சுற்றிய எருதுத்தோல் அப்படியே அவர் தோளில் இருந்தது, காதுகளில் மண் அடைத்திருந்தது, மடியில் நாங்கள் வழிக்கென்று வைத்த சோளமும் பூசணி விதைகளும் சிந்தாமல் கிடந்தன. வெயில் ஏறியதும் அவர் மனைவி மாமோசா வெளியே வந்தாள், கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள், "தோலெல்லாம் ஈரமா இருக்கு, குளிரும்" என்று சொல்லி உள்ளே போய் அவருடைய கம்பளியை எடுத்துவந்து போர்த்திவிட்டாள்.

இது எப்படி நடந்தது என்று எங்களில் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் எங்களுக்குத் தெரியும். தென்னாப்பிரிக்கா நாலு பக்கமும் சூழ்ந்த பசூட்டோலாந்தின் மலைகளில் அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரை எங்களை ஆளவில்லை. துரை எங்கள் தலைவர்களை ஆண்டார், தலைவர்கள் எங்களை ஆண்டார்கள், இதில் என்ன வித்தியாசம் என்றால் உதைக்கிற கால் யாருடையது என்பதுதான். ஆனால் லெபோனா உயிரோடு இருந்தவரை அந்தக் கால் எங்கள்மேல் அவ்வளவு சீக்கிரம் விழுந்ததில்லை. துரையின் உத்தரவை எடுத்துக்கொண்டு துபாஷி எஃப்ராயிம் குதிரையில் வருவான், முத்திரை வைத்த தாளைப் பிரித்து வாசிப்பான், லெபோனா கம்பளிக்குள் கைகளை இழுத்துக்கொண்டு ரொம்ப மரியாதையாக, "நல்ல விஷயம்தான், ஜனங்களைக் கேட்டுச் சொல்றேன்" என்பார். உடனே கூட்டம் கூடும். எங்கள் கூட்டத்துக்கு இரண்டே சட்டம்: எல்லாரும் பேசி முடித்த பிறகுதான் தலைவர் வாய் திறக்கலாம், தலைவர் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்தவன் எழுந்திருக்கக் கூடாது. ஆகவே எல்லாரும் பேசுவோம். மாடுகளைக் குளிப்பாட்ட மருந்துத்தொட்டி கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தால், ஒருத்தன் தன் தாத்தா வைத்திருந்த செவலைக் காளையிலிருந்து ஆரம்பிப்பான், இன்னொருத்தன் அந்தக் காளை செவலையே இல்லை என்பான், மூன்றாமவன் செவலை என்றால் என்ன நிறம் என்று கேட்பான், பொழுது சாயும், லெபோனா கடைசியில், "ஜனங்க இன்னும் யோசிக்கிறாங்க" என்று முடிப்பார், எஃப்ராயிம் பெருமூச்சு விட்டுக் குதிரை ஏறுவான். மருந்துத்தொட்டி கட்டப்படவேயில்லை.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு குளிர்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், எழுந்திருக்கவில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி தலைவர் இறந்ததை உடனே வெளியே சொல்லக் கூடாது, வாரிசு வந்து கல்லில் உட்கார்ந்த பிறகுதான் சொல்ல வேண்டும், வெறுங்கல்லை அடுத்த ஊர்க்காரன் பார்த்துவிட்டால் எங்கள் மேய்ச்சல் நிலத்துக்கு அவன் மாடு வரும் என்பது எங்கள் பயம். வாரிசு மோசா, ஒரே மகன். பிள்ளை பெற்ற பெண்ணைப் பிள்ளையின் பெயரால் அழைப்பதுதான் எங்கள் முறை, மாமோசா என்றாலே மோசாவின் அம்மா. அவன் ஜோகன்னஸ்பர்க்கில் பூமிக்கு அடியில் தங்கம் வெட்டிக்கொண்டிருந்தான், ஒப்பந்தம் முடியாமல் மேலே விடமாட்டார்கள். ஆகவே மொரேனாவைச் சத்தமில்லாமல் பட்டிக்குள் புதைத்தோம், தலைவர்களைப் புதைக்கிற மாதிரி, முழங்கால் மடக்கி உட்காரவைத்து, சூரியன் எழுகிற பக்கம் முகம் வைத்து. பிறகு அவருக்கு உடம்பு சரியில்லை என்று துரையிடம் ஆள் அனுப்பிச் சொன்னோம். அக்கம்பக்கத்துத் தலைவர்களுக்கு இந்தப் பொய் போதும், அவர்கள் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். துரைத்தனம் அப்படியில்லை, அது பதில் போடும். எஃப்ராயிம் வந்து, தோல் போட்டு மூடியிருந்த கல்லுக்கு முன்னால் நின்று, லெபோனா விரைவில் நலமடைய வேண்டும் என்றும், மறு உத்தரவு வரும்வரை அவரே பதவியில் நீடிப்பார் என்றும் வாசித்துவிட்டுப் போனான். மறுநாள் காலை அவர் நீடித்தார்.

முதலில் நாங்களும் சும்மா இருக்கவில்லை. திரும்பவும் தூக்கிக்கொண்டுபோய்ப் புதைத்தோம், பட்டியின் மண்ணை மிதித்து இறுக்கினோம், மேலே மாடுகளை நிறுத்தினோம், காலையில் அவர் கல்லில் இருந்தார், மாடுகள் குழியைச் சுற்றி நின்றன. மலைக்குகைக்குக் கொண்டுபோய் வாயிலில் பாறை வைத்தோம், நாங்கள் இறங்கி வருவதற்குள் அவர் வந்துவிட்டார், நாய் எங்களைப் பார்த்து இளக்காரமாகக் கொட்டாவி விட்டது. அதற்குப்பின் பழகிக்கொண்டோம். குழியை மூடாமல் பலகை போட்டு வைத்தோம், மாடுகள் அதைத் தாண்டிப் போகப் பழகின. பெண்கள் தினமும் கல்லைச் சுற்றிப் பெருக்கினார்கள், ஆண்கள் போகும்போதும் வரும்போதும் தொப்பியைக் கழற்றினார்கள், குடிசை வரி கட்டும் மாதத்தில் அவருக்கு முன்னால் வரிசையில் நின்று கட்டினோம். வசந்தத்தில் பீச் மரங்கள் பூத்தபோது அவர் மடியில் பூசணி முளைத்தது, முழங்கால் வழியாகக் கொடி இறங்கி வேலியில் ஏறியது, நல்ல காய்கள் காய்த்தன. தலைவர் தருவதை வேண்டாம் என்று சொல்வது எங்களிடம் வழக்கமில்லை, வாங்கிச் சமைத்தோம்.

அவர் எங்களோடு பேசவில்லை. வழக்கு வைத்தால் பார்த்துக்கொண்டிருப்பார், அழுதால் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் எஃப்ராயிம் வந்து முத்திரை வைத்த தாளை வாசித்தால், அந்த நிமிஷமே மண் உதிர வாய் திறந்து, "சரி" என்பார். அந்த ஒரு சொல்தான். அது வந்ததும் கூட்டம் முடிந்தது என்று வைத்துக்கொண்டு நாங்கள் எழுந்து போவோம். மருந்துத்தொட்டிக்குச் சரி என்றார், தொட்டி கட்டினோம். மலைப்பாதையைச் சம்பளமில்லாமல் வெட்டச் சரி என்றார், வெட்டினோம். பிறகு, தலைவரின் வயல் இனி கிடையாது என்று உத்தரவு வந்தது. ஊரே சேர்ந்து பாட்டுப் பாடி அந்த வயலைக் கொத்துவோம், அதன் சோளம் ஆள் உயரப் புல்கூடைகளில் தலைவர் வீட்டு முற்றத்தில் நிற்கும், வீட்டில் ஒன்றுமில்லாதவன் யாரிடமும் பல்லைக் காட்டாமல் வந்து அள்ளிக்கொண்டு போவான். அதை விவசாய இலாகா எடுத்துக்கொள்ளும் என்று எஃப்ராயிம் வாசித்தபோது எல்லாரும் கல்லின் பக்கம் திரும்பினோம், உயிரோடு இருந்த லெபோனா இதற்காக ஒரு மாமாங்கம் கூட்டம் போட்டிருப்பார். கல்லில் இருந்தவர், "சரி" என்றார். வயலில் முள்கம்பி போட்டார்கள்.

அன்றைக்குத்தான் நாங்கள் கோபப்பட்டு, அவரை விட்டுவிட்டு ஊற்றங்கரையில் தனியாகக் கூடினோம். இத்தனை வருஷத்தில் அவ்வளவு நன்றாக யாரும் பேசிக் கேட்டதில்லை, இந்தக் கல்லுக்கு இனிக் கட்டுப்பட மாட்டோம் என்றார்கள், வயலில் இறங்கி விதைப்போம் என்றார்கள், எல்லாரும் பேசி முடித்தார்கள். பிறகும் உட்கார்ந்தே இருந்தோம். கூட்டத்தை முடித்துவைக்கத் தலைவர் இல்லை. எழுந்திருக்க யாருக்கும் உரிமையில்லை, முதலில் எழுந்திருப்பவன் தன்னைத் தலைவன் என்று நினைத்துக்கொண்டான் என்று ஆகிவிடும். பசி எடுத்தது, பொழுது போனது, மாடுகள் கறப்பார் இல்லாமல் கத்தின, கடைசியில் ஆலங்கட்டி மழை வந்து எங்களைக் கலைத்தது. அதற்குப்பின் தனிக்கூட்டம் போடும் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

எங்களுக்காவது வயல்தான் போயிற்று. மாமோசாவுக்குப் புருஷன் செத்தும் விதவையாக முடியவில்லை. எங்கள் பெண்கள் கணவனைப் புதைத்ததும் தலையை மழிப்பார்கள், கறுப்பு உடுத்துவார்கள், காலம் வந்ததும் அந்தக் கறுப்பைக் கழற்றிவிட்டு மறுபடி சிரிக்கலாம். அவளுக்கு மழிக்கவும் வழியில்லை, சிரிக்கவும் வழியில்லை. காலையில் அவர் காதிலிருந்து மண்ணைத் துடைப்பாள், மாலையில் அது மறுபடி அடைத்திருக்கும். அவரைப் பார்த்துப் பேசியே பழகியவள், பதில் வராது என்று தெரிந்தும் பேசிக்கொண்டிருந்தாள். அவள் வேண்டியது ஒன்றுதான், அந்த மனிதர் மண்ணுக்குள் போக வேண்டும். அதைவிடச் சின்ன ஆசை ஒன்றை நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

ஒப்பந்தம் முடிந்து மோசா வந்தான், கூடவே இருமலும் வந்தது. சுரங்கத்தின் தூசி நெஞ்சுக்குள் உட்கார்ந்துவிட்டது, நாலு அடி நடந்தால் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அப்பாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து வணக்கம் சொன்னான். அவர் அவனையும் மற்றவர்களைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்.

"என்னைத் தெரியலையாம்மா?"

"தெரியும்டா. முத்திரை இல்லாம சொல்ல மாட்டாரு."

"நான் கல்லுல உக்காந்தா இவர் போயிடுவாரா?"

"துரை ஒரு மறு உத்தரவு போட்டா ரெண்டும் நடக்கும்" என்றாள் மாமோசா. "நான் போய்க் கேட்டுட்டு வரேன்."

மலையிறங்கி ஆற்றைக் கடந்து துரையின் கச்சேரிக்குப் போனாள், எங்களில் சிலர் துணைக்குப் போனோம், வாசலில் நின்றோம். துரை கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார், தேநீர் தரச் சொன்னார். எஃப்ராயிம் இரண்டு பேருக்கும் நடுவில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"என் வீட்டுக்காரர் செத்துட்டாரு. நானே தோல்ல சுத்தினேன். அவர் போகலாம்னு ஒரு உத்தரவு போடச் சொல்லுங்க" என்றாள்.

எஃப்ராயிம் சொன்னான், துரை நெற்றியைத் தடவினார், ஏதோ கேட்டார்.

"போன மாசம் வயலுக்குச் சம்மதம் குடுத்தாரே, செத்தவங்க எப்படிச் சம்மதம் குடுப்பாங்கன்னு துரை கேக்குறாரு."

"செத்தவங்கதான் எல்லாத்துக்கும் சம்மதம் குடுப்பாங்கன்னு சொல்லுங்க."

எஃப்ராயிம் துரையின் பக்கம் திரும்பினான். பிறகு வெள்ளைக்காரன் பேச்சில் சுருக்கமாக ஏதோ சொன்னான், துரை சிரித்துத் தலையாட்டினார். அவள் தேநீருக்கு நன்றி சொன்னதாகத்தான் சொன்னான் என்று பின்னால் அவனே எங்களிடம் சொன்னான், அதற்குமேல் சொன்னால் அவளைப் பைத்தியம் என்று எழுதிவைப்பார்கள் என்று பயந்தானாம். இந்த மலைகளில் இருக்கிற தலைவர்களில் லெபோனாதான் ஒத்துழைக்கிறவர், அவர் நன்றாக இருக்கும்போது வாரிசு பற்றிய பேச்சே எழவில்லை, நீண்ட நாள் இருக்கட்டும் என்றார் துரை. அதையும் எஃப்ராயிம்தான் சொன்னான். அவள் தேநீரைக் குடிக்கவில்லை.

அடுத்த குளிர்காலத்தின் தொடக்கத்தில் மோசா படுத்த படுக்கையானான். பலகை போட்டு வைத்த குழியைத்தான் அவன் கேட்டான்.

"என்னை அப்பா இடத்துல வைம்மா. சும்மாதானே கெடக்கு."

"அது அவர் இடம்டா."

"அகலமா வெட்டச் சொல்லு. அவர் வர்றப்ப தள்ளி உக்காந்துக்கிறேன்."

குழியை அகலமாக வெட்டினோம். அந்த வாரமே அவன் போனான். கல்லில் உட்காராவிட்டாலும் அவன்தான் வாரிசு, பட்டியில் உட்காரவைப்பது என்று முடிவு செய்தோம், தோலில் சுற்றி வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். அப்போதுதான் ஆற்றுப் பக்கத்திலிருந்து எஃப்ராயிமின் குதிரை ஏறி வந்தது. அவன் இறங்கி, முற்றத்தில் கிடந்ததைப் பார்த்து, தொப்பியைக் கழற்றினான், தாளை வெளியே எடுக்காமல் நின்றான்.

"என்ன உத்தரவு ஐயா?" என்றாள் மாமோசா.

"சுகாதாரத்துக்காகப் போட்டது. இனிமே மாட்டுப்பட்டிக்குள்ள யாரையும் புதைக்கக் கூடாதாம். சாலையோரம் குச்சி நட்டு இடம் அளந்திருக்காங்க, அங்கதான்."

"நாளைக்கு வாசிக்கலாமே."

"இன்னிக்குத் தேதி போட்டிருக்கும்மா. நான் வாசிக்கலைன்னா இன்னொருத்தன் வந்து வாசிப்பான், எனக்கு வேலை போயிடும்." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "எங்கப்பாவும் பட்டிக்குள்ளதான் இருக்காரு" என்றான்.

மாமோசா அவனைப் பார்த்தாள், கல்லில் இருந்தவரைப் பார்த்தாள், பிறகு எங்களைப் பார்த்தாள். "வாசிங்க," என்றாள். "வாசிச்சதும் ஜனங்க பேசணும். ஜனங்க பேசி முடிக்காம மொரேனா வாய் திறக்கக் கூடாது, அது அவர் வச்ச சட்டம்."

எங்களுக்குப் புரிந்தது, பேச்சு நீளும்வரை அவர் சரி சொல்ல முடியாது, அதற்குள் மோசாவைப் புதைத்துவிடலாம். இத்தனை நாள் நாங்கள் உத்தரவு வாசித்ததும் சும்மா உட்கார்ந்திருந்தோம், அவரும் உடனே சரி என்றார். பேசலாம் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. கூட்டமாக உட்கார்ந்தோம், எஃப்ராயிம் வாசித்தான், அவன் நிறுத்திய கையோடு எங்களில் மூத்தவன் செவலைக் காளையைப் பற்றி ஆரம்பித்தான். எங்கள் உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒருத்தன் முடிப்பதற்குள் அடுத்தவன் பிடித்துக்கொண்டான், அந்தக் காளை மலை ஏறியது, ஆற்றில் விழுந்தது, அடுத்த ஊர்ப் பசுவை மோகித்தது, கல்லில் இருந்தவர் வாய் திறக்காமல் இருந்தார். அவர் உயிரோடு இருந்த நாள் ஒன்று திரும்பி வந்துவிட்டது போல எங்களுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மோசாவைத் தூக்கிப் பட்டிக்குக் கொண்டுபோக வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஊரின் ஆண்கள் அத்தனை பேரும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். தலைவர் முடிக்காமல் உட்கார்ந்தவன் எழுந்திருக்கக் கூடாது. பெண்கள் பட்டிக்குள் கால் வைக்கக் கூடாது, அதுவும் எங்கள் சட்டம்தான். எங்களை இப்படிக் கட்டிப்போட்டவர் துரை இல்லை.

எங்களில் ஒருத்தன் எழுந்திருந்தால் போதும். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பதிலாக இன்னும் சத்தமாகப் பேசினோம்.

மாமோசாதான் பட்டியின் கதவைத் திறந்தாள். அவள் உள்ளே காலை வைத்ததைப் பார்த்ததும் மற்றப் பெண்கள் வந்தார்கள், மோசாவைத் தூக்கினார்கள், மாடுகள் பெண்களைப் பட்டிக்குள் பார்த்ததேயில்லை, மிரண்டு சுவரோரம் ஒதுங்கின. நாங்கள் திரும்பிப் பார்க்காமல் காளையைப் பற்றிப் பேசினோம், எஃப்ராயிமும் திரும்பிப் பார்க்காமல் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். பலகை இழுபடும் சத்தம் கேட்டது. மண் விழும் சத்தம் கேட்டது. பெண்கள் வரிசையாக மிதித்து இறுக்கும் சத்தம் கேட்டது, அது நின்றது, முடித்துவிட்டார்கள் என்று தெரிந்தது. அந்த நிம்மதியில் எங்களில் பேசிக்கொண்டிருந்தவன் மூச்சு வாங்கினான், அடுத்தவன் ஆரம்பிக்கச் சற்றே பிந்தினான்.

லெபோனா வாயைத் திறந்தார். உடனே சொல்லவில்லை. இத்தனை உத்தரவுகளில் அன்றைக்கு மட்டும்தான் அவர் காத்திருந்தார், காதிலிருந்து மண் தானாக உதிர்ந்து தோளில் விழுந்தது, ஜனங்களைக் கேட்டுச் சொல்றேன் என்று சொல்லிவிடுவார் என்று நாங்கள் நம்பினோம், நம்பினோம் என்பதை இன்றும் வெட்கமில்லாமல் சொல்வோம். எதிரே நின்ற எஃப்ராயிமுக்கு மட்டும் முகம் சரியாகத் தெரிந்தது, மொரேனா கண்ணை மூடிக்கொண்டார் என்று அவன் சொன்னான்.

"சரி" என்றார்.

புதைத்த பிறகு வந்த சொல்தானே, அது மோசாவைத் தொடாது என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டு தூங்கினோம். காலையில் பட்டிக்குள் குழி இருந்த அடையாளமே இல்லை, தரை பழைய சாணத்தோடு சமமாகக் கிடந்தது, மாடுகள் அதன்மேல் தாராளமாக நடந்தன. மோசா சாலையோரம், குச்சி நட்டு அளந்த இடத்தில், தோலைப் போர்த்திக்கொண்டு சூரியனைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அங்கேயே தோண்டி, உத்தரவில் சொன்னபடி அவனை நீட்டிப் படுக்கவைத்து மூடினோம். அவன் திரும்பி வரவில்லை. பட்டியில் எத்தனை ஆழமாகத் தோண்டிப் பார்த்தும் பாறைதான் வந்தது, லெபோனாவுக்கு இனி அங்கே இடமில்லை.

மாமோசா அன்று தலையை மழித்துக்கொண்டாள். துணியை எடுத்துக்கொண்டு கோத்லாவுக்கு வந்து, எப்போதும் போலக் கல்லுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கணவரின் காதிலிருந்து மண்ணைத் துடைத்தாள். பெருக்க வந்த பெண்கள் துடைப்பத்தை வைத்துவிட்டு நின்றார்கள், அவர்களில் ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இது மகனுக்கு மழிச்சதா அக்கா, மொரேனாவுக்கா?"

"எனக்கு இருக்கிறது ஒரு தலைதானே" என்றாள் மாமோசா, கம்பளியை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டாள், பனி விழ ஆரம்பித்திருந்தது.